ஆட்டை வட்டம்: ஓய்வுக்காலப் பணத்தின் தாமத வட்டியும் வருமான வரியும்



இந்தச் சொற்பொழிவே ஒரு வட்டியால் நடக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு தொகையை வங்கியில் வைத்தார். முதலைத் தொடக்கூடாது, ஆண்டுதோறும் விளையும் வட்டியில் ஒரு கூட்டம் நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். நம் மண்ணில் இது பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: கோயிலுக்கு வந்த காசு ஊர்ச்சபைகளிடம் கொடுத்து வைக்கப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. வட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் பொலிசை. அது எப்போது வர வேண்டும் என்பதற்கு எழுதிய சொல் 'ஆட்டை வட்டம்'. ஆண்டுதோறும் என்று பொருள். பொலிசை பொலிவது ஆண்டுக்கணக்கில், ஒவ்வோர் ஆண்டின் விளைச்சலும் அந்தந்த ஆண்டுக்கே உரியது என்ற தெளிவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இன்று நான் பேச வந்திருப்பது, இந்தத் தெளிவு நம் வருமான வரிச் சட்டத்தில் ஓரிடத்தில் தவறிப்போனதைப் பற்றி.

ஒரு நாட்காட்டித் தாள்

முப்பது ஆண்டுகளாக வரி ஆலோசனைத் தொழிலில் இருக்கிறேன். ஜூலை மாதம் எங்களுக்கு அறுவடைக் காலம், உட்கார இடமிருக்காது. அப்படி ஒரு மாலை, 2025 ஜூலையில், ஒரு பெரியவர் வந்தார். ஒரு நிறுவனத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, நிறுவனம் கொடுத்த கணக்குச் சீட்டு. மற்றொன்று, மாத நாட்காட்டியிலிருந்து கிழித்த பெரிய தாளின் பின்பக்கம். அதில் நீலப் பேனாவால் 72 வரிகள் எழுதியிருந்தார். ஒரு மாதத்துக்கு ஒரு வரி. 2019 ஜூலையில் தொடங்கி 2025 ஜூனில் முடிந்தது. ஒவ்வொரு வரியிலும் அந்த மாதம் அவருக்கு வந்திருக்க வேண்டிய வட்டி. பக்கத்தில் சிவப்புப் பேனாவால், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு அந்த மாதம் அவர் கட்டிய வட்டி.

கணக்கு எளிதாக விளங்க, எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். 2019 மே 31 அன்று ஓய்வுபெற்றார். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, 20 லட்சம் ரூபாய். ஜூன் 30-க்குள் வந்திருக்க வேண்டிய பணம், வழக்குக்குப் பிறகு 2025 ஜூன் 30 அன்று வந்தது. ஆறு ஆண்டுத் தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி, 12 லட்சம். அந்த 12 லட்சத்தில் 1,20,000 ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருந்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "சார், பிடிச்சது தப்புன்னு நான் சொல்லல. இந்தத் தாளைப் பாருங்க. இதுல எந்த வருஷத்துலயாவது நான் வரி கட்டுற அளவுக்கு இருந்தேனா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அன்று ஒரு மணி நேரம் ஆனது. இன்றும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொல்லப்போகிறேன்.

உரிமையான பணம்

முதலில், அந்த 20 லட்சம் யாருடைய பணம்? ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அன்று, ஊழியரின் உரிமை என்று தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1982 டிசம்பர் 17 அன்று வந்த நகாரா வழக்கின் தீர்ப்பு அதை இன்னும் உறுதியாக்கியது. ஓய்வூதியர் நாள் இன்றும் அந்தத் தேதியில்தான் கொண்டாடப்படுகிறது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, கேரள அரசுக்கும் பத்மநாபன் நாயருக்கும் இடையிலான வழக்கு. கடைசி ஊதியச் சான்றிதழ் வந்துசேராததால் ஒருவரின் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போயின. தவறான தாமதத்துக்கு வட்டி கொடுத்தே ஆக வேண்டும், ஓய்வுபெற்ற நாளிலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் அந்தப் பொறுப்பு தொடங்கிவிடுகிறது என்றது உச்ச நீதிமன்றம். விதியில் வட்டி பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டாலும், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை வைத்தே வட்டி கேட்கலாம் என்று 2008-இல் எஸ்.கே. துவா வழக்கில் சொன்னது. 2021-இல் ஆந்திர அரசு தொடர்பான வழக்கில், தள்ளிவைக்கப்பட்ட ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் 6 விழுக்காடு வட்டி தரச் சொன்னது.

பணிக்கொடைக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 30 நாள் கெடு விதித்தது. கெடு தாண்டினால் தனிவட்டி. 1987-இல் அறிவிக்கப்பட்ட விகிதம் 10 விழுக்காடு. தாமதத்துக்கு ஊழியரே காரணமாக இருந்து, கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்து மூலம் நிர்வாகம் அனுமதி பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு. இந்தச் சட்டத்தின் இடத்தை 2025-இல் எடுத்துக்கொண்ட 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கெடு தொடர்கிறது. வருங்கால வைப்பு நிதியில் இன்னும் கண்டிப்பு: போதிய காரணமில்லாமல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டி, அதை ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்று திட்ட விதி சொல்கிறது.

ஆக, தாமத வட்டி யாரும் கேட்டு வாங்கும் சலுகையில்லை. இன்னொருவர் கையில் சிக்கிய தன் பணத்துக்காகக் காத்திருந்ததன் விலை.

ஒரே சீட்டில் நான்கு தொகைகள்

ஓய்வுபெற்றவருக்கு வரும் கணக்குச் சீட்டில் பொதுவாக நான்கு வகைத் தொகைகள் இருக்கும். நான்குக்கும் வரிச் சட்டத்தில் நான்கு தனி வழிகள். பழகிய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களிலும் படிவ எண்களிலுமே சொல்கிறேன். 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதில் எண்கள் வேறு.

முதலாவது, பணிக்கொடை. அரசு ஊழியருக்கு முழு விலக்கு. பணிக்கொடைச் சட்டத்துக்குள் வரும் மற்றவர்களுக்கு 20 லட்சம் வரை. இரண்டாவது, ஈட்டிய விடுப்புக்கான பணம். அரசு ஊழியர் ஓய்வுபெறும்போது முழு விலக்கு. மற்றவர்களுக்கு 2023 முதல் 25 லட்சம் வரை. இவை எத்தனை ஆண்டு தாமதமாக வந்தாலும் விலக்கின் தன்மை மாறாது.

மூன்றாவது, ஓய்வூதிய நிலுவை. இது சம்பளத் தலைப்பில் வரும் வருமானம், வரி உண்டு. ஆனால் 89-ஆம் பிரிவு ஒரு நிவாரணம் தருகிறது. பல ஆண்டு நிலுவை ஒரே ஆண்டில் வந்து, அதனால் வரி கூடினால், அந்தந்த ஆண்டில் வந்திருந்தால் எவ்வளவு வரி ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, கூடுதலைக் கழித்துக்கொள்ளலாம். ரிட்டர்ன் போடுவதற்கு முன் இணையத்தில் படிவம் 10இ கொடுத்தால் போதும். பழைய ஆண்டுக் கணக்குகளைத் திறக்க வேண்டியதில்லை. மிக நேர்மையான ஏற்பாடு.

நான்காவது, தாமத வட்டி. இங்கேதான் சிக்கல். இது 'இதர வருமானம்' என்ற தலைப்புக்குப் போகிறது. மேலே சொன்ன விலக்கு எதுவும் இதற்குக் கிடையாது. 194ஏ பிரிவின்படி 10 விழுக்காடு பிடித்தம். பான் எண் கொடுக்காவிட்டால் 20. சம்பளத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் உள்ள 89-ஆம் பிரிவு நிவாரணம், வட்டி என்ற பெயர் வந்ததும் விலகிக்கொள்கிறது. ஓய்வூதிய நிலுவையும் அதன் வட்டியும் ஒரே ஆணையில், ஒரே காசோலையில் வந்தாலும், நிலுவைக்கு ஆண்டுவாரிக் கணக்கு, வட்டிக்கு மொத்தக் கணக்கு.

வட்டி எப்படி வருமானமானது

வட்டிக்கு ஏன் வரி என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1964-இல் ஷாம்லால் நரூலா வழக்கில் விடை சொன்னது. நிலம் கையகப்படுத்தியதற்கான இழப்பீடு தாமதமானதால் கொடுத்த வட்டி பற்றிய வழக்கு அது. இழப்பீடு நிலத்துக்கு விலை; வட்டி, பணம் கையில் இல்லாமல் போனதற்கான ஈடு; ஆகவே அது வருமானம் என்றது தீர்ப்பு. இந்தக் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. பணம் நேரத்துக்கு வந்து வங்கியில் போட்டிருந்தால், அந்த வட்டிக்கும் வரிச் சட்டம் பொருந்தியிருக்கும். தாமத வட்டிக்கு முழு விலக்கு வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டில், தீர்ப்புக்கு முந்தைய காலத்து வட்டி வரிக்குரிய வருமானமே இல்லை என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எந்த ஆண்டின் வருமானம் என்பதுதான் என் கேள்வி.

ராமா பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கும் விடை சொல்லியிருந்தது. கூடுதல் இழப்பீட்டுக்கான வட்டி, நீதிமன்ற ஆணை வந்த ஒரே நாளில் பிறப்பதில்லை. ஆண்டுக்காண்டு சேர்கிறது, அந்தந்த ஆண்டில்தான் வரி. நம் கல்வெட்டுகளின் ஆட்டை வட்டக் கணக்கும் இதுவே.

2009-இல் நாடாளுமன்றம் இதை மாற்றியது. முந்தைய ஆண்டுகளுக்கு வரி கட்டச் சொல்வது மக்களுக்குச் சிரமம் என்ற காரணம் சொல்லப்பட்டது. இழப்பீட்டின் மீதும் கூடுதல் இழப்பீட்டின் மீதும் வரும் வட்டி, கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே கருதப்படும் என்று விதி வந்தது. அது பின்னர் 145பி ஆனது. மொத்தமாகச் சேர்வதால் வரும் பாரத்தைக் குறைக்க, 57-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்த்து, அந்த வட்டியில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். மீதிப் பாதிக்கு மட்டும் வரி. அளவான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு விதிகளும் 'இழப்பீடு' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பணிக்கொடை தாமதமானதற்கு வந்த வட்டி இந்தச் சொல்லுக்குள் வருமா? சட்டத்தில் விளக்கம் இல்லை.

இங்கே ஒரு தர்க்கத்தைக் கவனியுங்கள். இந்த வட்டியை இழப்பீட்டு வட்டி என்று வருமான வரித் துறை கருதினால், கைக்கு வந்த ஆண்டில் வரி கேட்கலாம். ஆனால் பாதிக் கழிவும் கொடுக்க வேண்டும். இழப்பீட்டு வட்டி இல்லை என்றால் பாதிக் கழிவு இல்லை. ஆனால் 145பி-யும் பொருந்தாது, ராமா பாய் வழக்கின் ஆண்டுவாரிக் கொள்கை மிஞ்சும். பணிக்கொடைக்கு இந்த வாதம் இன்னும் வலுவானது. ஏனெனில் அந்த வட்டி சட்டம் கொடுத்த உரிமை, 31-ஆம் நாளிலிருந்தே சேரத் தொடங்குவது. நீங்கள் பணம் வந்த அன்று வருமானம் எழுதும் முறையைப் பின்பற்றுபவர் என்று துறை பதில் சொல்லக்கூடும். கணக்குப் புத்தகமே வைக்காத ஓர் ஓய்வூதியர்மேல் ஒரு கணக்கு முறையைச் சுமத்தும் பதில் அது. நடைமுறையில் நடப்பது என்ன? பல இடங்களில் மொத்தமும் ஒரே ஆண்டில் சேர்க்கப்படுகிறது, பாதிக் கழிவும் மறுக்கப்படுகிறது. இரண்டு பக்கத்துச் சுமையும் ஒரே தோளில்.

எண்களில் பார்த்தால்

அந்தப் பெரியவருக்கு ஆண்டுக்கு வேறு வருமானம் ஏறத்தாழ 2 லட்சம். வருங்கால வைப்பு நிதிப் பணம் வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது. மூன்று விதமாகக் கணக்குப் போட்டேன்.

ஒன்று, மொத்தமாக. 2025-26-இல் 12 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 14 லட்சம். புதிய வரி முறையில், முதல் 4 லட்சத்துக்கு இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 40,000. மேலே உள்ள 2 லட்சத்துக்கு 30,000. ஆக 90,000, 4 விழுக்காடு கூடுதல் தீர்வையோடு 93,600 ரூபாய்.

இரண்டு, பாதிக் கழிவோடு. 6 லட்சமும் 2 லட்சமும் 8 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடி கிடைக்கும். வரி இல்லை.

மூன்று, ஆண்டுவாரியாக. 12 லட்சம் ஏழு நிதியாண்டுகளில் விழுகிறது: 2019-20-இல் ஒன்பது மாதத்துக்கு ஒன்றரை லட்சம், நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டிரண்டு லட்சம், கடைசி மூன்று மாதத்துக்கு அரை லட்சம். எந்த ஆண்டிலும் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டவில்லை. 2019-20 முதலே 5 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது. ஓர் ஆண்டில்கூட வரி இல்லை.

ஆக, அந்த 93,600 ரூபாய் அவருடைய வருமானத்துக்கான வரியாக எனக்குத் தெரியவில்லை. தாமதத்துக்கான வரி. நிறுவனம் நேரத்துக்குக் கொடுத்திருந்தால் அரசுக்கு ஒரு பைசாகூட வந்திருக்காது. நிறுவனம் தவறிய பின், அவருக்குச் சேர வேண்டிய ஈட்டிலிருந்து அரசு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இப்போது அந்தச் சிவப்பு வரிகளுக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு 5 லட்சம் கடன். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, மாதம் பத்தாயிரம். ஆண்டுக்கு 24 விழுக்காடு. 72 மாதத்தில் 7,20,000. தன் பணம் 20 லட்சம் வெளியே நிற்க, 5 லட்சத்துக்குக் கடன் வாங்கி இவ்வளவு கட்டியிருக்கிறார். வட்டி வருமானத்திலிருந்து இதைக் கழிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. அந்த வருமானத்தை ஈட்டுவதற்காகவே செய்த செலவாக இருந்தால்தான் 57-ஆம் பிரிவு கழிக்க விடும். கல்யாணக் கடன் அதில் வராது. அவர் பேனாவைத் திறந்து, அந்தத் தாளின் அடியில் 'கழிக்க முடியாது' என்று எழுதிக்கொண்டார்.

பிடித்த 1,20,000-இல் 26,400 ரூபாய் திரும்பி வரும். ஆனால் அந்த நிதியாண்டு முடிந்து, 2026 ஏப்ரலுக்குப் பிறகு ரிட்டர்ன் போட்டு, அதன்பின் வர வேண்டும். ஆறு ஆண்டு காத்திருந்தவருக்கு இன்னொரு காத்திருப்பு.

செய்ய வேண்டியவை

இந்த அவையில் ஓய்வுபெற்றோர் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சில சொற்கள். பணம் வரும்போது பணிக்கொடை, விடுப்புப் பணம், ஓய்வூதிய நிலுவை, வட்டி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் சீட்டை எழுதிக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த விகிதத்தில் வட்டி என்பது அதில் இருக்கட்டும். வழக்குப் போட்டவர்கள், ஆணையிலேயே இந்த விவரம் வரும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலைப் பாருங்கள். விலக்குள்ள பணிக்கொடையையும் வட்டியோடு சேர்த்துக் காட்டிவிட்ட சீட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஓய்வூதிய நிலுவைக்குப் படிவம் 10இ கொடுக்க மறக்காதீர்கள். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து வரி இல்லை என்றாலும், பிடித்த பணம் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும். 60 வயது கடந்தவர்கள், வரி வராது என்று உறுதியாகத் தெரிந்தால், பணம் வருவதற்கு முன்பே படிவம் 15ஹெச் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம்.

தமிழ்நாட்டில் இது பலருடைய பிரச்சினை. 2018 ஜனவரியில் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு ஓய்வுபெற்றோரின் நிலுவைகளும் ஒரு கோரிக்கையாக இருந்தன. ஓடும் பேருந்தை நாம் தினமும் பார்க்கிறோம். அதை முப்பது ஆண்டு ஓட்டியவரின் பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்க நமக்கு ஒரு வேலைநிறுத்தம் தேவைப்படுகிறது.

சட்டம் இயற்றுவோருக்கு ஒரே ஒரு கோரிக்கை. 89-ஆம் பிரிவின் நிவாரணத்தில், புதிய சட்டத்தில் அதற்கு இணையான இடத்தில், 'ஓய்வுக்காலப் பலன்கள் தாமதமானதற்கான வட்டி' என்ற சொற்களைச் சேருங்கள். இது புதிய கொள்கை இல்லை. குடும்ப ஓய்வூதியமும் இதர வருமானத் தலைப்பில்தான் இருக்கிறது. அதன் நிலுவைக்கு அந்த நிவாரணம் ஏற்கெனவே நீட்டப்பட்டிருக்கிறது. கணவரை இழந்த பெண்ணின் நிலுவை ஆண்டுவாரியாகப் பார்க்கப்பட வேண்டும் என்று ஒப்புக்கொண்ட சட்டம், அந்த நிலுவையின் வட்டியையும் அப்படியே பார்க்கலாம். பழைய கோப்புகளைத் திறக்க வேண்டாம்; படிவம் இருக்கிறது, விதி இருக்கிறது, கணக்கிடும் முறை இருக்கிறது. 2009-இல் சொன்ன சிரமமும் எழாது. வரி கட்டும் அளவுக்கு ஆண்டுதோறும் வருமானம் இருந்தவர் தன் பங்கைக் கட்டுவார். இல்லாதவர் தாமதத்தால் மட்டும் வரிக்குள் இழுக்கப்பட மாட்டார்.

அன்று இரவு அந்தப் பெரியவர் புறப்படும்போது, நாட்காட்டித் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொன்னேன். 72 வரிகளையும் நிதியாண்டு வாரியாகப் பிரித்து, ஏழு இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கி, ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்படிப் பாத்தா சரியா இருக்கு" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு விடை அந்தக் கோடுகளில்தான் இருந்தது. எந்த ஆண்டிலும் அவர் வரி கட்டும் அளவுக்கு இருக்கவில்லை. தஞ்சைக் கல்லில் வெட்டியவர்கள் அறிந்திருந்த அந்த ஏழு கோடுகளை, நம் சட்டமும் போட வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.